கிணற்று மூடியில் றஞ்சி அக்காவின் எழுத்து

றஞ்சி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கிணற்றடியில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தக் கிணறும் அதையொட்டிய எங்கள் வீடும் எனக்குக் கிடைத்தது அவரால். அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கும் அவர்தான் மோட்கேஜ், வீட்டுக்கடன், எடுத்துத் தந்தவர். அவருடைய சிரிப்பு உங்கள் காதிலும் இருக்கும்.

ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டை மாத முடிவுக்குள் விடச் சொன்னார்கள். வீட்டை விற்கப்போகிறார்களாம். நானும் அம்மாவும் உழைத்தும் ரொறன்ரோவில் ஒரு கராஜ்கூட வாங்க முடியாது. உழைக்க ஆள் வேண்டும், அந்த ஆள் படுக்க இடம் கிடையாது. இதுதான் இந்த நகரம். மற்றக் கடன் முகவர்கள் கையை விரித்தார்கள். றஞ்சி அக்கா கடதாசிகளைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, மாட்டு மணம் ஒத்துவருமோ?"

அஜக்ஸ் நகரையும் தாண்டி, சோளக் காணிகளுக்கு நடுவே ஒரு சின்ன வீடு. முற்பணம் குறைவு, கடனுக்கு அரசாங்கக் காப்புறுதி. ஆனால் கிணற்றுத் தண்ணீர் பரிசோதனையில் தேறினால்தான் வங்கி கடன் தரும்.

தண்ணீர் எடுக்கக் கிணற்று மூடியைத் திறந்துவைத்த நேரம், அம்மா கைப்பையிலிருந்து ஒரு போத்தல் பாலை எடுத்து, கும்பிட்டுவிட்டு உள்ளே ஊற்றிவிட்டார். எவரும் காணவில்லை. கிருமி இருக்கிறது என்று முடிவு வந்து, வங்கி கடனை நிறுத்திய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

நான் கத்தினேன். றஞ்சி அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "கடைத் தண்ணியை டெஸ்டுக்கு அனுப்புவமே, அக்கா?" என்றேன். சிரிப்பு நின்றது. "குடிக்கப்போறது நீங்களடா, மடையா." அப்போதே வங்கிக்கு அழைத்து, பால் ஊற்றிய கதையை ஒளிக்காமல் சொல்லி, மறுபரிசோதனைக்குத் தவணை வாங்கினார்.

சனிக்கிழமை பிளீச் கலன்களோடு அவரே வந்து இறங்கினார். கிணற்றுக்கு மருந்திட்டு, மணம் போகும்வரை தண்ணீரை இறைத்தோம். அம்மா தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார்.

"பால் வைக்காமல் எப்பிடி, பிள்ளை, புது வீட்டுக்குள்ள போறது?"

"கிணத்துக்குப் பசியில்லை, அன்ரி. பாலைத் தேத்தண்ணியில விடுங்கோ. இன்னொருக்கா இதுக்குக் கிட்ட வந்தா, உங்களைத்தான் டெஸ்டுக்கு அனுப்புவன்."

போகும்போது கறுப்பு மார்க்கரால் மூடியில் எழுதினார்: "அன்ரிக்கு அனுமதி இல்லை." இரண்டாம் முறை தண்ணீர் தேறியது.

இத்தனை பேரை வீட்டுக்காரராக்கியவர் ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு வாடகை அறையில்தான் கடைசிவரை இருந்தார். கேட்டால், "வீடெண்டா புல்லு வெட்டவேணும், எனக்கு ஏலாது" என்பார். எனக்கு அந்தப் பகிடிக்குச் சிரிப்பு வந்ததில்லை.

செய்தியைச் சொன்னதும் அம்மா பால் விட்ட தேநீர் ஒரு கோப்பை கொண்டுவந்து மூடியின் மேல் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை. எழுத்து வெயிலிலும் பனியிலும் மங்கியிருந்தது. உள்ளே போய் மார்க்கரை எடுத்துவந்தேன். இனி ஒவ்வொரு வருடமும் அந்த எழுத்தின்மேல் திரும்ப எழுதுவேன், அவருடைய கோணல் எழுத்திலேயே.