கண்டெய்னர் நிக்குது

கால் டாக்சி ஓட்ட லைசென்ஸ் வேண்டும், பொறுமை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே கூச்சப்படாமல் பொய் சொல்ல ஒரு வாய் வேண்டும். எங்கள் வண்டிகளில் ஏறி அவதிப்பட்ட அன்பர்களே, கொஞ்சம் கேளுங்கள்.

கைகண்ட பொய்

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு நேர் ரோடு இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அதில் வரிசை கட்டிவிட்டால் மணலி வழியாகச் சுற்ற வேண்டும். லாரியே இல்லாத நாளிலும் "கண்டெய்னர் நிக்குது" என்று சொல்லிச் சுற்றிவிடுவோம். தூரம் கூடும், வாடகையும் கூடும். ஸ்டாண்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுத்ததே நான்தான். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்ல வேளைங்க, நீங்க சொல்லலீன்னா அந்த ஜாம்ல மாட்டியிருப்பேனுங்க."

கண்ணாடியில் ஒரு முகம்

பட்டப்பகலில் ஒரு பெண் ஏறினார். அதே பொய்யைச் சொல்லி மணலிப் பக்கம் திருப்பினேன். இரண்டு பக்கமும் கம்பெனி மதில் சுவர், ஆள் நடமாட்டம் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு கை கதவுப் பிடியில். இன்னொரு கையில் போன். என் வண்டி நம்பரை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

குதித்துவிடுவாரோ என்று எனக்கும் பயம் வந்தது. சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினேன். அவர் இன்னும் மிரண்டார். எண்ணூரில் இறங்கியதும் சொன்னார்: "போன்ல யாருமே இல்லண்ணா. சார்ஜ் எப்பவோ பூட்ச்சு. சும்மா பேசிகினு வந்தேன்."

நேர் ரோடு

அதற்குப் பிறகு திருந்தினேனா? இரண்டு நாள் திருந்தியிருந்தேன்.

என் மகள் செல்விக்கு எண்ணூரில் வேலை கிடைத்தது. முதல் நாள் நான் சவாரியில் இருந்ததால், போனிலேயே ஏதோ ஒரு வண்டியை வரவழைத்துக் கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். "அப்பா, கண்டெய்னர் நிக்குதாம். மணலி வழியா போறாரு." அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. அப்போது நான் சவாரியை இறக்கிவிட்டு திருவொற்றியூரில், அதே நேர் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு லாரிகூட இல்லை. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

வண்டியை எண்ணூருக்கு விரட்டினேன். எப்படியோ அவள் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றேன். கதவுப் பிடியில் இருந்த அந்தக் கைதான் கண்ணிலேயே நின்றது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அரை மணி கழித்து வண்டி வந்தது. சார்ஜ் தீர்ந்த போனோடு செல்வி இறங்கினாள். ஓட்டி வந்தவன் எங்கள் ஸ்டாண்டு பாபு, என்னிடம் பாடம் கேட்டவன். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "உன் பொண்ணுன்னு தெர்லண்ணே. தெரிஞ்சிருந்தா நேர் ரோட்லயே இட்டாந்திருப்பேன்."

அன்றிலிருந்து நிஜமாகவே கண்டெய்னர் நின்றாலும் நான் நேர் ரோட்டிலேயே போய் ஒரு மணி நேரம் மாட்டிக்கொள்கிறேன், பின் சீட்டிலிருந்து வரும் திட்டு காதுக்கு எவ்வளவோ இதமாக இருக்கிறது.