ரெக்சின் அக்கா தைத்த உறை

ரெக்சின் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. கடைத்தெருவில் ரெக்சின் அக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடங்களாக மோட்டார் சைக்கிள்களுக்குச் சீட்டு உறையும் டேங்க் உறையும் தைக்கிறார். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். தன் கடையிலிருந்து போன உருப்படி எதுவும் திரும்பி வந்ததில்லை என்று, கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். உண்மையும் அதுதான். திருப்பிக் கொண்டுவரும் துணிச்சல் யாருக்கும் இல்லையோ என்னவோ.

அக்காவுக்கு ஒரே தம்பி. மூன்று வேலைகளில் ஒட்டாமல், நான்காவதாக ஒரு பார்சல் அலுவலகத்தில் சேர்ந்திருந்தான். சொந்த வண்டியில் ஊர் முழுக்கப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பூரிப்பில் அக்கா அவன் வண்டிக்கு ஓர் உறை தைத்துப் போட்டார். மற்றவர்களுக்கென்றால் பெட்ரோல் மூடி வெளியே தெரிகிற மாதிரி வட்டமாக வெட்டி விட்டுவிடுவார். தம்பிக்கு அப்படிச் செய்ய மனம் வருமா? ஒரு சொட்டு மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று, உள்ளே பஞ்சு வைத்து, இழுத்துப் பிடிக்கிற எலாஸ்டிக்கோடு மூடிக்கும் சேர்த்து ஒரு தனி மடிப்பு வைத்தார்.

வேலைக்குப் போன முதல் வாரமே வண்டி மக்கர் செய்தது. பாதி வழியில் நின்றுவிடும். எத்தனை உதைத்தாலும் கிளம்பாது. தம்பி இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பான். இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். பார்சல்கள் தாமதமாயின. இவன் எங்கேயோ உட்கார்ந்து அரட்டை அடித்துவிட்டு வண்டி மேல் பழி போடுகிறான் என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார்.

பக்கத்துக் கடை மெக்கானிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அவர் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் வண்டி சமர்த்தாக ஓடியது. பாவம், நல்ல மனிதர். அக்காவின் தையல் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. தன் கிரீஸ் கை பட்டுவிடக் கூடாதென்று, முதல் வேலையாக உறையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஓட்டிப் பார்த்து, கை கழுவிய பிறகுதான் மறுபடி போடுவார்.

புதன்கிழமை மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கொடுக்கிற பதினான்கு பெட்டிகளும் பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேராவிட்டால், சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம். தம்பியின் முகம் செத்துவிட்டது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் தம்பியைப் பொய்யன் என்று ஒருவர் சொல்வதா? வியாழன் காலை கடையைப் பூட்டிவிட்டு, கத்தரிக்கோல் கிடக்கிற கைப்பையோடு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து பெட்டிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. ஆறாவதுக்குப் போகையில், பாலத்தின் நட்டநடுவில் வண்டி இருமி நின்றது. தம்பி வழக்கம்போல் மடிப்பை விலக்கி மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து ‘உஸ்’ என்று ஒரு சத்தம். மூடினான், உதைத்தான், கிளம்பியது. எங்கேயோ கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று அக்கா யோசித்துக்கொண்டே வந்தார். ஏழாவதைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மறுபடி நின்றது.

“இந்தத் தடவை மூடியைத் தொடாத. சும்மா உதை” என்றார் அக்கா.

உதைத்தான். வியர்த்து வழிய முப்பது உதை. வண்டி அசைந்து கொடுக்கவில்லை.

“இப்போ திற.”

‘உஸ்.’ ஒரே உதை. கிளம்பிவிட்டது.

அக்காவுக்குப் பொறி தட்டியது. ரெக்சின் ஒட்டும் பசை டின்னில் ஆணியால் இரண்டு ஓட்டை போடுகிறவர் அவர். ஒன்று பசை வெளியே வர, இன்னொன்று காற்று உள்ளே போக. காற்றுப் போகிற ஓட்டை அடைத்துக்கொண்டால், டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் பசை இறங்காது. ஆணியால் குத்தி விட்டால் இதே ‘உஸ்’தான். குனிந்து பெட்ரோல் மூடியைப் பார்த்தார். சாவி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு ஓட்டை. அதன் மேல்தான் அவருடைய பஞ்சு மடிப்பு அட்டை மாதிரி அப்பிக்கொண்டு கிடந்திருக்கிறது.

தம்பியின் வேலைக்கு உலை வைத்தது தன் கைதான். அழுவதா, கத்துவதா என்று தெரியாமல் கத்தரிக்கோலை எடுத்தார்.

“வேண்டாம்க்கா, எவ்வளவு அழகா தைச்சிருக்க” என்று தம்பி பதறினான்.

“அழகை வெச்சுக்கிட்டு என்னடா பண்றது? வண்டி மூச்சு விடட்டும்.”

ரோட்டோரத்தில் நின்றபடியே அந்த மடிப்பை வெட்டி எடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கோணலாக வெட்டியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வண்டி ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. மேட்டில் ஏறியது, சந்தில் வளைந்தது, பறந்தது. அக்காவுக்கு வாயெல்லாம் பல். சிக்னலில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், எங்கள் வண்டி நிற்கவே நிற்காது என்று வலியச் சொன்னார். பதினான்காவது பெட்டியைக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று நாற்பது.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்துத் தாளைப் பார்த்தார். இத்தனை நாள் ஓடாத வண்டிக்கு இன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டார். தம்பி அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பிளக்கில் ஏதோ கோளாறு என்று இழுத்தான்.

“பொய் சொல்லாதடா” என்று அக்கா அவனை அடக்கினார். வெட்டிய மடிப்பை எடுத்து மேசை மேல் வைத்தார். “இது நான் தைச்சது சார். காத்துப் போற ஓட்டையை அடைச்சுட்டேன். தப்பு வண்டில இல்ல, இவன்கிட்டயும் இல்ல. எங்கிட்டதான்.”

அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேலாளர் அந்த மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நூல் பிசகியிருந்தால்தானே. பிறகு மதியத்துக்கான பெட்டிகளைத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

“சாப்பிட்டுக் கிளம்புப்பா. நாளைக்கும் ஒன்பது மணிக்கு வந்துடு.”

மெக்கானிக் இப்போதெல்லாம் கை கழுவிக்கொண்டு, உறையோடுதான் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார். அந்த மடிப்பு அக்காவின் கடைச் சுவரில், வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் தொங்குகிறது. இருபத்திரண்டு வருடத்தில் திரும்பி வந்தது இது ஒன்றுதான், அதையும் கண்டுபிடித்தது நான்தான் என்று, கேட்டாலும் சொல்கிறார், கேட்காவிட்டாலும் சொல்கிறார்.