விமானத்தில் பக்கத்து சீட்டு

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஹார்லன், கார் ஷெட்டில் சொந்த விமானம் கட்டப் போகிறார். அதன் இறக்கை வைத்த பதினாறு அடிப் பெட்டி லாரியில் வந்தது. ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டார். "கொண்டு வர்றது என் வேலை. இறக்குறது உங்க பாடு."

வானம் மழைக்கு இருட்டியது. நனைந்தால் பாழ். அக்கம்பக்கத்தார் ஆறு பேர் தூக்கினோம். பாதி வழியில் டெல்பர்ட், "முதல்ல பறக்கும்போது பக்கத்து சீட்டு எனக்குத்தான்" என்றார்.

"உனக்கா? ஹார்லன் எனக்குன்னுல்ல சொன்னான்!" என்றார் ராய்ஸ். எனக்கும் அதே வாக்குறுதிதான். பெட்டி நடுத்தெருவில் நின்றது.

ஹார்லனின் மனைவி லோர்னா வாசலில் நின்று சிரித்தாள். "அலமாரிக்குக் கதவு மாட்டவே இவருக்குப் பதினோரு வருஷம் ஆச்சுப்பா. இது பறக்கும்போது யாரு மிச்சமோ அவங்க ஏறிக்கங்க. இப்ப உள்ள கொண்டாங்க!"

ஒருவர் வயதை ஒருவர் மனதுக்குள் கணக்குப் போட்டபடி மறுபடி தூக்கினோம்.