நாற்பது நாள் கசிவு

உலகத்தில் கெட்ட வேலை செய்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதற்குத் திறமை எதுவும் வேண்டாம், காலையில் எழுந்து வந்தால் போதும். ஆனால் சரியாக நாற்பதாம் நாள் கெட்டுப்போகும்படி ஒரு வேலையைச் செய்வதற்கு முப்பது வருடத் தொழில் அனுபவம் தேவை. ரேடியேட்டர்காரரிடம் அது இருந்தது.

டயர் கடைக்கும், பூட்டிக் கிடக்கும் அச்சகத்துக்கும் நடுவில் அவருடைய பட்டறை. மனைவி காலமாகி, மகளும் கல்யாணமாகிக் கடல் கடந்து போன பிறகு, பட்டறையின் பின்னறையே வீடு. முன்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி, காற்றடிக்கும் பம்பு, சுவரில் வரிசையாகப் பழைய ரேடியேட்டர்கள். எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர், அவற்றின் சன்னமான பித்தளைக் குழாய்களில் இறங்கி, காற்றில் ஆறி, மறுபடி எஞ்சினுக்குப் போக வேண்டும். ஓட்டை விழுந்ததைத் தொட்டியில் அமுக்கிக் காற்றடிப்பார். குமிழி கிளம்பும் இடத்தில் ஈயத்தை உருக்கி ஒரு சொட்டு வைப்பார். அவர் அடைத்த ஓட்டை, வண்டி பேரீச்சம்பழத்துக்குப் போன பிறகும் அடைத்தபடியே இருக்கும்.

இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு, அண்ணனின் கார்.

கார் அவர்கள் அப்பாவினுடையது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மூத்தது. பாதி அகலத்துக்காகவும் பாதி புகைக்காகவும் ஊரார் அதைக் கப்பல் என்பார்கள். அப்பா போன பிறகு அது அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனது. அதில் தம்பிக்கு வருத்தமில்லை. வினை வந்தது தெர்மோஸ்டாட்டால். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்தி, பிறகு திறந்துவிடும் சின்னஞ்சிறு சாமான் அது. அண்ணன் எவனோ சொன்னதைக் கேட்டு அதைப் பிடுங்கி எறிந்தார். இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது என்றார் தம்பி. பேச்சு தெர்மோஸ்டாட்டிலிருந்து தண்ணீர்ப் பம்புக்குப் போய், அங்கிருந்து இரண்டு பேரில் யாருக்கு மூளை என்ற ஆராய்ச்சிக்குத் தாவி, கடைசியில் தம்பி சொன்ன ஒரு வாக்கியத்தில் போய் முட்டி நின்றது.

"அப்பாவையும் நீ இப்படித்தானே பாத்துக்கிட்ட."

கடைசி இரண்டு வருடம் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூக்கி உட்காரவைத்தவர் அண்ணன். தம்பிக்கு அது தெரியும். தெரியாமல் சொல்லியிருந்தால் அவ்வளவு குறி தப்பாமல் பட்டிருக்காது.

அண்ணன் இனிமேல் உன்னோடு பேச்சில்லை என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பரம்பரை. பதினோரு வருடமாகக் காப்பாற்றினார்.

மூன்றாம் வருடம் கப்பல் கொதித்தது. பித்தளைக்கு ஈயம் வைக்க ஊரில் வேறு ஆள் கிடையாது. அண்ணன் பட்டறை வாசலில் காரை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, எஞ்சினைப் பார்த்துச் சொன்னார்: "நாலு தெரு தாண்டல, அதுக்குள்ள உனக்குக் கொதிப்பு."

தம்பி ரேடியேட்டரைப் பார்த்துப் பதில் சொன்னார்: "தண்ணி இல்லன்னா கொதிக்காம, குளிருமா?"

இப்படியாக, சொன்ன சொல்லும் பிழைத்தது, பேச்சும் நடந்தது. வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகும். பட்டறையில் இருப்பது ஒரே பெஞ்சு. அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் இவர், நடுவில் இரண்டு டீ. அண்ணன் தன் முட்டிவலியைக் காரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டார். ஏதாவது தைலத்தைத் தேய்த்துத் தொலைத்தால் என்ன என்று தம்பி ரேடியேட்டரிடம் விசாரித்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த படபடப்பில் ஒரு குழாய் முனையைத் தம்பி கவனிக்காமல் விட்டுவிட்டார். அது உண்மையாகவே தவறு. ஆறு வாரத்தில் கப்பல் திரும்பி வந்து நின்றபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணன் பெஞ்சில் வந்து உட்காரும் வரை தின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தவறு என்று சொல்வது விஞ்ஞானத்துக்கு அவமரியாதை. மேல் தொட்டியோடு குழாய் சேரும் இடத்தில் முதலில் ஈயத்தை நன்றாக வைப்பார். பிறகு அரத்தால் இழைத்து மெலிதாக்குவார். ஐந்து இழைப்புக்கு இரண்டு மாதம் தாங்கியது. ஏழுக்கு நாற்பது நாள். ஒன்பது இழைத்துப் பார்த்ததில் அண்ணன் பன்னிரண்டாம் நாளே வந்து காரைக் கண்டபடி ஏசவே, ஒன்பது கைவிடப்பட்டது. எஞ்சினுக்குச் சேதம் வரக் கூடாதென்று ஓட்டையை எப்போதும் உச்சியிலேயே வைத்தார். நாலு விரல் தண்ணீர் குறையும், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும், அதோடு சரி. மற்றபடி கப்பலுக்கு ராஜ உபசாரம். எஞ்சினுக்குள் துரு போகும் வரை தண்ணீர் பாய்ச்சுவார். ரப்பர் குழாய்களைப் பிசைந்து பார்த்து, உப்பியதை மாற்றுவார். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இறுக்குவார். ஒரு நாள் அண்ணன் டீ சொல்லப் போன சமயம் தெர்மோஸ்டாட்டையும் மாட்டிவிட்டார். இப்போதுதான் உனக்கு நல்ல புத்தி வந்திருக்கிறது என்று அண்ணன் அடுத்த தடவை காரைத் தட்டிக்கொடுத்தார்.

எட்டு வருடம், வருடத்துக்கு ஒன்பது தடவை. கட்டிய புருஷன் பெண்டாட்டிகூட அவ்வளவு பேசிக்கொள்வதில்லை.

பிறகு ஒரு நாற்பதாம் நாள் வந்தது. கார் வரவில்லை. ஐம்பது ஆனது, அறுபது ஆனது. ஞாபகப் பிசகில் நல்ல வேலை செய்து தொலைத்துவிட்டோமோ என்று ரேடியேட்டர்காரருக்குத் தூக்கம் போனது. எழுபதாம் நாள் கப்பல் தெருமுனையைக் கடந்து போவதைப் பார்த்தார். ஆவி இல்லை, சொட்டு இல்லை. புது மாப்பிள்ளை மாதிரி போயிற்று.

மறுநாள் அண்ணி வாடகை வண்டியில் வந்து இறங்கினார். வண்டிக்காரர் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தார். அதற்குள் கப்பலின் பழைய ரேடியேட்டர்.

"அலுமினியத்துல புதுசா வரவழைச்சு மாட்டிட்டாரு தம்பி. இது பித்தளைக்காவது ஆகும், உங்ககிட்டயே குடுத்துடச் சொன்னாரு."

அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. இது ரேடியேட்டர்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

என்ன ஆயிற்று என்று கேட்டார். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். நாற்பது நாள் ஆவதற்கு ஒரு நாள் முன்னால், நடுப்பாலத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தே உயிரை எடுத்தன. அண்ணன் பதறிப்போய், சூடு ஆறுவதற்குள் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று. பத்து நாள் ஆஸ்பத்திரி.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி."

"அவருதான் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நான் கேட்டேன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இத்தனை தடவை அடைச்சும் ஒழுகுதே, வேணும்னே பண்றாரோன்னு கேட்டேன். சண்டைக்கு வந்துட்டாரு."

ரேடியேட்டர்காரர் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாரு?"

"'எந்தம்பி தொழில்ல துரோகம் பண்ண மாட்டான். அவனுக்குக் கை நடுங்குது. எட்டு வருஷமா எனக்குத் தெரியும். வேற எடத்துக்குப் போனா ஒடிஞ்சுபோவான்னுதான் அவன்கிட்டயே கொண்டுபோனேன்'னாரு. அப்பாவுக்கும் கையிலதான் மொதல்ல ஆரம்பிச்சுதுன்னு சொல்லி, ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து அழுதாரு." அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பதினோரு வருஷத்துல 'எந்தம்பி'ன்னு அவரு வாயில வந்தது அன்னிக்குத்தான்."

உண்மை ரேடியேட்டர்காரருடைய நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சின்ன வாக்கியம்தான். சொன்னால் அண்ணனின் கையை வேகவைத்தது தம்பிதான் என்று ஆகும். அது ஆகட்டும், அதற்கு அவர் தயாராகவே இருந்தார். ஆனால் சொன்ன அந்த நிமிடமே, கட்டிலில் உட்கார்ந்து அழுத அந்த மனிதர் ஏமாளியாகிவிடுவார். அவர் வாயிலிருந்து வந்த 'எந்தம்பி'யும் திரும்பிப் போய்விடும்.

"நெசமாவே நடுங்குதா தம்பி?"

ரேடியேட்டர்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா அண்ணி."

"எத்தனை நாளா?"

"அவரு சொன்ன மாதிரிதான். எட்டு வருஷமா."

தொழிலை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணன் அனுப்பிய செய்தியையும் அண்ணி ஒப்படைத்தார். புண் ஆறிவிட்டதா என்று இவர் கேட்டார். தோல் வந்துவிட்டது, தழும்பு போகாதாம். வண்டி கிளம்பிப் போனது.

அண்ணன் இரக்கமுள்ளவர். இரக்கம் ஒரே இடத்தில் அடைந்து கிடக்காது. அந்த மாதக் கடைசிக்குள் தம்பியின் கை சந்து முழுக்கத் தெரிந்த சங்கதியாகிவிட்டது. டயர் கடைக்காரர் வந்து, அவருடைய விரல்களைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போனார். வழக்கமாக வரும் வண்டிகளில் பாதி வரவில்லை. விசுவாசத்துக்காக லாரி ஓட்டுநர் ஒருவர் தன் ரேடியேட்டரைச் சுமந்து வந்தார்.

"உங்க அண்ணன் சொன்னாரு. நடுங்குதாமே? அவசரமில்ல, மெதுவாச் செய்யுங்க."

தொட்டியில் அமுக்கியதும் ஒரே இடத்தில் குமிழி கிளம்பியது. ரேடியேட்டர்காரர் அதை எடுத்துத் துடைத்து, ஈயத்தைச் சூடாக்கி, ஓட்டைக்கு மேலே கொண்டுபோனார். கை கல்லு மாதிரி நின்றது. ஓட்டுநர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இதுவரை யாரும் அண்ணன் பொய் சொன்னதாகச் சொன்னதில்லை.

மணிக்கட்டை இலேசாக அசைத்தார். ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இன்னொரு தடவை அசைத்தார்.

பார்க்கச் சகிக்காமல் ஓட்டுநர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஓட்டையை அடைத்தார்.