தளபதி தாரக் மீது வழக்காட பெங்களூர் போனேன்

2006 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, கற்பனைத் தளபதி ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க வேலூரிலிருந்து பெங்களூர் போய்வந்தேன். 'கேல்டன்' விண்வெளித் தொடரின் ரசிகர்கள் இணையத்தில் சண்டை போட்டது போதாதென்று, நேரில் மாதிரி வழக்கு ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கப்பலில் தீப்பிடித்ததும் தளபதி தாரக் இயந்திர அறையைப் பூட்டிவிடுகிறார். முந்நூறு பேர் பிழைக்கிறார்கள். உள்ளே இருந்த பொறியாளர் இல்மா இறந்துபோகிறாள். எனக்கு அந்தத் தொடரே இல்மாதான். ஆகவே நான் அரசுத் தரப்பு.

காலை ஐந்து மணிக்கு பஸ். 210 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். கிருஷ்ணகிரியில் இட்லி சாப்பிடுங்கள். காபி மட்டும் வழக்கு நடந்த மல்லேஸ்வரத்தில்தான். மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து அங்கே எட்டாவது கிராஸ் தெருவுக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ மீட்டரில் 25 ரூபாய்.

ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் இருபத்துமூன்று பேர் கூடியிருந்தோம். ஐந்து பேர் பளபளக்கும் துணியில் கப்பல் சீருடை தைத்துப் போட்டிருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தண்டபாணி சாதாரண சட்டையில் வந்திருந்தார். இரண்டு வருஷமாக இணையக் குழுவில் என்னோடு மல்லுக்கட்டியவர் அவர்தான். ஐ.டி. பையன் என்று நினைத்திருந்தேன். ஐம்பது வயது, பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்.

நான் நன்றாகவே பேசினேன். "கதவைப் பூட்டினது குற்றம்னு நான் சொல்லல. அதுக்கப்புறம் பதினோரு எபிசோட் வருது. ஒரு தடவைகூட அவர் இல்மா பேரைச் சொல்லல. அதுதான் குற்றம்."

தண்டபாணி எழுந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ஓட்டெடுப்பை நடத்திடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். பதினாறுக்கு ஏழு. ஜெயித்துவிட்டேன்.

கீழே காபிக் கடையில் அவரே என் பக்கத்தில் வந்து நின்றார். "நாலு வருஷம் முன்னாடி எங்க பெயிண்ட் செக்‌ஷன்ல தீ மேடம். தீ பரவாம இருக்க ஷட்டரை நான்தான் இறக்கினேன். முனிராஜ் உள்ள இருந்தது தெரியாது. ஜன்னலை ஒடச்சு வெளிய வந்துட்டான். ரெண்டு கையும் வெந்துபோச்சு."

"அப்புறம் பார்த்தீங்களா சார்?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். திரும்பிட்டேன். அவன் வீடு ஜீவனஹள்ளியிலதான்."

"மணி ரெண்டுதான் ஆகுது. என் பஸ் ஆறு மணிக்கு. வாங்க, போவோம்."

அவர் மறுக்கவில்லை. ஆட்டோவில் எட்டரை கிலோமீட்டர், ஐம்பத்தைந்து ரூபாய். டிரைவருக்கு வழி சொன்னது அவர்தான். நான் தொடரைப் பற்றிப் பேசவில்லை.

கதவைத் திறந்தது முனிராஜ்தான். தழும்பேறிய கையில் டி.வி. ரிமோட். திரும்பி டி.வி.யை அணைத்தார்.

"முனிராஜ், ஷட்டரை இறக்கினது நான்தான்" என்றார் தண்டபாணி.

"தெரியும் சார். நீங்க இறக்கலன்னா எல்லாரும் போயிருப்போம். அதுக்கு எனக்குக் கோவமில்ல. நீங்க வரவே இல்லியே, அதான்."

தண்டபாணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். என்னையும் கூப்பிட்டார்கள். இன்னும் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்தும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பினேன்.

வேலூர் வரை யோசித்தேன். என் தீர்ப்பில் மாற்றமில்லை. ஆனால் அந்த வாதத்தை நான் ஒரு கற்பனை மனிதருக்காகத்தான் தயாரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் மேல் அது எப்படி விழும் என்று யோசிக்கவே இல்லை. இப்படி ரசிகர் சந்திப்புக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: திரும்பும் பஸ்ஸை மாலைக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் யாரோடு அதிகம் சண்டை போட்டீர்களோ, அவரோடு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.