பொருளடக்கத்தில் இல்லாத பங்கு

காரைக்குடி கோர்ட்டுக்கு அருகே கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருந்தவரிடம் எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கொடுத்தேன். இணைப்புகளோடு நூற்றுப் பத்துப் பக்கம். முன்னால் ஒரு பொருளடக்கம் போட்டுத் தரச் சொன்னேன். ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஸ்கேலை வைத்து, உதடு அசையப் படித்தார். யாரிடம் போய்ச் சொல்வாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"தலைப்பை மட்டும் பாத்தாப் போதாதா? எல்லாத்தையும் எதுக்குப் படிக்கிறீக?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்புடிங்க பொருளடக்கம் போடுறது?"

மதியம் ஒற்றைத் தாளை நீட்டினார்.

"ஒம்பதாம் பக்கத்துல வாரிசு மூணு பேருன்னு இருக்கு. பங்கு ரெண்டு பேருக்குத்தான் வருது. உங்க தங்கச்சி பங்கு எந்தப் பக்கம்னு போடட்டும்?"

அண்ணனும் நானும் தெரிந்தே விட்டது அது. கல்லல் ஊரில் இருக்கும் அவளிடம் கையெழுத்தை மட்டும் வாங்கிவிடுவதாக இருந்தோம்.

"இன்னும் எழுதலை" என்று சொல்லித் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அன்றே தங்கைக்குப் போன் செய்து, பத்திரத்தை முழுதாகப் படித்துக் காட்ட வருவதாகச் சொன்னேன்.

அவர் எல்லாம் புரிந்துதான் கேட்டாரா, வெறும் பக்க எண்ணுக்காகக் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.