பிஷ்கெக்குக்கு ஆள் அனுப்பிய சம்மர்

வெளிநாட்டு மெடிக்கல் காலேஜுக்கு ஆள் அனுப்பும் தொழிலில் படிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சோறு கிடைக்குமா, குளிருமா, நம்ம ஆளுங்க இருக்காங்களா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் நீங்களும் நாளைக்கே ஆபீஸ் போடலாம்.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில், டாக்ஸ் ஆபீசுக்கும் புருவம் திருத்தும் பார்லருக்கும் நடுவில், என் கிரேஸ் அத்தைக்கு அப்படி ஓர் ஆபீஸ். அத்தை அப்பாவின் அக்கா, நாகர்கோவில்காரர். பதினொன்றாம் கிளாஸ் முடித்த சம்மரில் என்னைப் பிடித்து போன் முன்னால் உட்காரவைத்துவிட்டார். சொந்தக்காரர் ஆபீசில் வேலை பார்த்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? அங்கே லீவும் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது. பொழுது போக வேண்டாமா? போனில் பேசியவர்கள் குரலிலெல்லாம் பேசிப் பார்ப்பேன். டாக்ஸ் ஆபீஸ்காரர், பார்லர் ஆன்ட்டி, அத்தை, எல்லார் குரலும் கைவந்துவிட்டது. ஆனால் உச்சம் குல்நாரா மேடம்தான். கிர்கிஸ்தான் நாட்டு பிஷ்கெக் காலேஜில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிப்பவர். ஆங்கிலத்தை ஐஸ் கட்டி உடைப்பதுபோல் துண்டு துண்டாகத்தான் பேசுவார்.

எந்த ஸ்தான்?

அந்த சம்மரில் எங்கள் முக்கியமான கேஸ் நிவேதா. சர்ச் கொயரில் என் பக்கத்தில் நிற்பவள், என்னைவிட ஒரு வயது பெரியவள். ஆறு வயதில் அப்பாவின் விசாவில் இங்கே வந்தாள். டாக்டர் ஆவேன், இல்லாவிட்டால் ஒன்றும் ஆகமாட்டேன் என்பாள். கிரீன் கார்டு வரிசை நகர்கிற மாதிரி இல்லை. அது கையில் இல்லாவிட்டால் இங்கே பெரும்பாலான மெடிக்கல் காலேஜ்கள் கதவையே திறப்பதில்லை. இருபத்தொரு வயதானால் அப்பா விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. அந்தக் காலேஜில் படித்தால் பிறகு அமெரிக்க லைசென்ஸ் பரீட்சை எழுத முடியுமா என்று அத்தை முதலில் விசாரித்து உறுதி செய்தார். அதன்பிறகுதான் நிவேதா உள்ளூர் காலேஜில் கிடைத்த சீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இனி பிஷ்கெக். இல்லையென்றால் ஒரு வருஷம் வீட்டில் சும்மா.

அவள் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டிதான் மசியவில்லை. "கிர்கிஸ்தானா? ஸ்தான்னு முடியற ஊருக்கெல்லாம் என் பொண்ணை அனுப்பமாட்டேன் கிரேஸக்கா."

"ஏன் மக்ளே, போன டிசம்பர்ல குடும்பத்தோட ராஜஸ்தான் போனியே, அது என்னதாம்?" என்றார் அத்தை.

ஆன்ட்டி விட்டுக்கொடுக்காமல் சொன்னார்: "அது நம்ம ஸ்தான்."

ஊருக்கெல்லாம் ஒரே சுவிட்ச்

டெக்சஸ் ரவுண்ட் ராக்கிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். ஏசியிலேயே வளர்ந்த பிள்ளை. ஹாஸ்டல் ரூமில் ஹீட்டர் இருக்குமா என்று கேட்டான். இருக்கும் என்றேன். எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால்தான் தனக்குத் தூக்கம் வரும், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் சுவரில் எந்தப் பக்கம் இருக்கும் என்றான்.

எனக்குத் தெரியவில்லை. அங்கே மூன்றாம் வருஷம் படிக்கும் பிரவீண் அண்ணாவை லைனில் சேர்த்தேன். பாதி ஊருக்கு ஒரே இடத்திலிருந்துதான் சூடு வருகிறதாம். அவர்கள் எப்போது திறந்துவிடுகிறார்களோ அப்போதுதான் ரூம் சுடும், எப்போது மூடுகிறார்களோ அப்போது ஆறும். அதுவரை இரண்டு ஸ்வெட்டர். "அப்ப தெர்மோஸ்டாட்?" என்றான் பையன் மறுபடியும்.

பிரவீண் அண்ணா பொறுமையாகச் சொன்னார்: "இருக்கு தம்பி, கவர்மென்ட் ஆபீஸ்ல."

அரை கப்

போன வருஷம் அங்கே போன, பக்கத்து ஊர் பிரிட்ஜ்வாட்டர் பையன் ஒருவன் அம்மாவிடம் அழாத குறையாகப் புகார் செய்திருந்தான். அங்கே வீட்டுக்காரம்மா எப்போது கூப்பிட்டாலும் அரை கப் டீதான் ஊற்றுகிறாராம். சரியான கஞ்சம், வேறு வீடு பாருங்கள் என்று அவன் அம்மா எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

அத்தை விசாரித்ததில் விஷயம் தலைகீழ். அங்கே அரை கப் ஊற்றினால் மரியாதை. ஆறுவதற்குள் குடி, இன்னும் ஊற்றுகிறேன், உட்கார் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால் சீக்கிரம் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். இதைக் கேட்டு அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்: "ஐயோ, அப்ப இத்தனை வருஷமா நம்ம வீட்டுக்கு வந்தவங்களுக்கெல்லாம் வழிய வழிய ஊத்தி, எந்திரிச்சுப் போன்னு சொல்லிட்டிருந்தேனா?"

க்தியே பலீத்

பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாதே! ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கும் முன் ரஷ்யன் பேச வராவிட்டால் திண்டாட்டம் என்று பிரவீண் அண்ணா எச்சரித்திருந்தார். அதனால் சாயங்காலங்களில் நிவேதா வீட்டில் அவள் டாக்டர், நான் நோயாளி. மூட்டு வலிக்காரர், பல்வலிக்காரர், காது கேளாத பெரியவர் என்று ஆளுக்கொரு குரலில் முனகுவேன். அவள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து "க்தியே பலீத்?" என்பாள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் அவள் அப்பா சகாயராஜ் அங்கிள் ஆபீஸ் விட்டு வந்தவர், வாசலிலேயே ஷூவைக் கழற்றாமல் நின்றுவிட்டார். உள்ளே நான் உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டிருக்கிறேன், இவர் பெண் "பலீத், பலீத்" என்கிறாள். அங்கிள் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, பர்ஸ்ட் இயர்லயே பலியா?"

சொந்தக் குதிரை

இவ்வளவு வெள்ளை மனசுக்காரரை எப்படிச் சும்மா விடுவது? மறுநாள் நம்பரை மறைத்துக்கொண்டு, குல்நாரா மேடமாக அவருக்கு போன் போட்டேன். "மிஸ்டர் சகாயராஜ். பர்ஸ்ட் இயர். ஸ்டூடன்ட். மஸ்ட் ப்ரிங். ஓன் ஹார்ஸ்."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு மிகுந்த பணிவோடு அங்கிள் கேட்டார்: "மேடம், ஹார்ஸ் அங்க வந்து வாங்கினா பரவால்லையா?" நான் சிரித்ததில் குட்டு உடைந்தது. பிறகும் இரண்டு தடவை குல்நாராவாகக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை "ஹலோ" சொல்லும்போதே பிடித்துவிட்டார்: "ஷைனி, இனிமே அந்த ரஷ்யாக்காரியே நேர்ல வந்தாலும் நான் நம்பமாட்டேன்!"

மிஸ்டர் நிவேதா

ஸ்டெல்லா ஆன்ட்டி ஒருவழியாகத் தலையாட்டிய பிறகு, ஆகஸ்டில் அழைப்புக் கடிதம் வந்தது. அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார். குடும்பப் பெயர்: நிவேதா. பெயர்: சகாயராஜ். ஆண். ஆண்கள் ஹாஸ்டல், இரண்டாவது மாடி.

நடந்தது இதுதான். பாஸ்போர்ட்டில் நிவேதா சகாயராஜ் என்று ஒரே வரியாக இருக்கிறது, குடும்பப் பெயர் இடம் காலி. அவர்கள் வழக்கப்படி குடும்பப் பெயர்தான் முதலில் வரும். ஆகவே நிவேதா குடும்பத்தில் பிறந்த சகாயராஜ் என்ற இளைஞன் டாக்டருக்குப் படிக்க வருகிறான். வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய கடிதம் வராவிட்டால் விசாவுக்குப் போட முடியாது; செப்டம்பரில் தொடங்கும் கிளாஸ் போய்விடும். அத்தை உடனே மெயில் போட்டார். அப்பாவுக்கு நானே போன் செய்து உறுதி செய்துகொள்கிறேன் என்று குல்நாரா மேடமிடமிருந்து பதில் வந்தது. அங்கிள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "ஐம்பத்திரண்டு வயசுல ராகிங் எல்லாம் தாங்காதுக்கா."

போனில் யார்?

புதன் காலை ஆறரை. அங்கே சாயங்காலம் நாலரை. அங்கிளிடமிருந்து எனக்கு போன், ஒரே உற்சாகம். "என்னம்மா ஷைனி, மாட்டினியா? மேடம் போன் பண்ணுவாங்கன்னதும் நீ கிளம்பிடுவேன்னு எனக்குத் தெரியாதா? ஸ்டூடன்ட் யாருன்னு கேட்டியே, நான்தான் ஸ்டூடன்ட், ஆம்பளைங்க ஹாஸ்டல் டபுள் ஓகே, குதிரையோட வரேன்னு சொன்னேன் பாரு. பதிலே பேச முடியலை உன்னால!"

எனக்கு வாயில் இருந்த பேஸ்ட் தொண்டைக்குள் போய்விட்டது. "அங்கிள், நான் இப்பதான் பல்லு தேய்ச்சிட்டிருக்கேன்."

அங்கிளின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது: "அப்ப அந்தம்மா யாரு?"

மூன்றாவது கட்டம்

ஒரு மணி நேரத்தில் மெயில் வந்தது: மாணவர் உறுதி செய்யப்பட்டார், ஆண், ஹாஸ்டலில் விலங்குகளுக்கு அனுமதி இல்லை. நிவேதா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மிமிக்ரி செய்ய முடியாது, செய்யவும் மாட்டேன். "யூ திங்க் திஸ் இஸ் ஃபன்னி?" என்று மட்டும் கேட்டாள். அத்தையோ, "கதையைக் கெடுத்தவளே பேசட்டும்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

வியாழன் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். என் சொந்தக் குரலில். பழக்கமில்லாததால் நடுங்கியது. குதிரை என்று சொன்னது நான், அங்கிள் என்னை நினைத்துத்தான் அப்படிப் பேசினார், மேடம் மன்னிக்க வேண்டும் என்றேன். "யூ. டூ. மை வாய்ஸ்?" என்றார். ஆமாம் என்றேன். "டூ நவ்." செய்தேன். பிறகு ஸ்பீக்கரில் போட்டு, இன்னும் மூன்று பேரை அழைத்து, மறுபடியும் செய்யச் சொன்னார். அந்த அறையே சிரித்தது.

பெயர் விஷயத்துக்கு வந்தோம். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது மேடம், அப்பா பெயர்தான் கூட வரும் என்றேன். அவருக்குப் புரியாதது பெயர் அல்ல, நாங்கள் செய்த வேலைதான். அவர்கள் படிவத்தில் அப்பா பெயருக்கென்றே மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டே கட்டம். நம் பெயரை வெட்டி, மடக்கி, அதற்குள் திணித்துத் திணித்துப் பழகிவிட்டோமா, நமக்காகவே வைத்த மாதிரி ஒரு கட்டம் வந்ததும், இது நமக்கில்லை என்று அத்தை அதில் கோடு போட்டுவிட்டார். குல்நாரா மேடம் தட்டச்சு செய்துகொண்டே சொன்னார்: "சகாயராஜ் கிஸி நிவேதா. சகாயராஜ். டாட்டர். நிவேதா. வெரி கிர்கிஸ் நேம். வொய் யூ ஹைட்?"

கிழிக்காத கடிதம்

வெள்ளி காலை கண் விழிக்கும்போதே திருத்திய கடிதம் வந்திருந்தது. பெண், பெண்கள் ஹாஸ்டல், அப்பா பெயர் அப்பா கட்டத்தில். நிவேதா ஆபீஸ் நடுவில் என்னைக் கட்டிப்பிடித்து, பிறகு ஓங்கி ஒன்று வைத்தாள். இரண்டுக்கும் நான் தகுதியானவள்தான். ஸ்டெல்லா ஆன்ட்டி நாற்காலியில் சாய்ந்து, ஒரு வாரமாக அடக்கிவைத்த மூச்சை விட்டார். மத்தியானத்துக்குள் விசாவுக்குப் போட்டாயிற்று.

அத்தை பழைய கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் போனார். அங்கிள் பாய்ந்து பிடுங்கினார். இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கிழிக்காதீங்கக்கா. ப்ளஸ் டூ முடிச்சு ரெண்டு தடவை மெடிக்கல் என்ட்ரன்ஸ் எழுதினேன், எனக்கு மெடிக்கல் சீட் குடுத்த ஒரே காலேஜ் இதுதான்."

ஆக, பிஷ்கெக் போகும் பிள்ளைகளே, குளிருக்கு வேண்டிய கோட் அங்கே போய்க்கூட வாங்கிக்கொள்ளலாம், அப்பாவை மட்டும் அவருக்குரிய கட்டத்தில் போட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அவர் உங்களுக்கு முன்னால் டாக்டராகிவிடுவார்.